திரை போட்ட கார்

எங்கள் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது ஒரு தண்ணீர் டேங்கர் லாரி. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய இந்திப் படமும், அந்தப் படத்துக்கு நான் சொன்ன பொய் அர்த்தமும்தான் என்றால் இன்னும் நம்ப மாட்டார்கள்.

காக்ஸ் டவுனில் எங்களுக்கு ஒரு பங்களா இருந்தது. வட ஆற்காடு பக்கம் எங்கள் முன்னோருக்கு ஒரு மிட்டா இருந்ததாம். ஜமீனில் சின்ன ரகம். ஊர் வெயிலுக்குப் பயந்து கோடையில் வந்து தங்க அவர்கள் கட்டிய வீடு அது. மிட்டாவை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பெரியப்பாவுக்கு மூன்று வயது. ஆக, அவர் ஆண்டதெல்லாம் யாருடைய இடுப்பிலோ உட்கார்ந்துகொண்டுதான். முன்கூடத்தை டியூஷன் சென்டருக்கும் மாடியை ஐடி பையன்களுக்கும் வாடகைக்கு விட்ட பிறகும், காலை பத்து மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் வந்து உட்காருவார். யாரோ பார்க்க வரப்போகிற மாதிரி இருக்கும். டியூஷன் பிள்ளைகள்தான் வருவார்கள்.

பின்கட்டில் அப்பா, அம்மா, நான். அப்பா பெரியப்பாவின் தம்பி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, விடிவதற்குள் பஸ் பிடித்துவிடுவார். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பெண்கள் வெளியே போனால் வீட்டுக் காரில்தான் போக வேண்டும், அதுவும் ஜன்னல்களுக்குத் திரை போட்டுக்கொண்டு. என் அம்மா ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். அதற்குப் பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அம்மா கிளம்புகிற நேரத்தில் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். பார்க்காதது நடக்காதது. மூத்த மருமகளான பெரியம்மாவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

காரோ, ஷெட்டில் நின்றது. கரும்பச்சை அம்பாசிடர். ரெண்டே நாளில் தருகிறேன் என்று இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போன மெக்கானிக் போனவர்தான். இன்ஜின் இல்லாவிட்டாலும் திரைகளை மட்டும் பெரியம்மா மாதம் ஒருமுறை துவைத்து மாட்டுவார். இரண்டு வருஷமாக அவர் கேட்டைத் தாண்டியதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவருக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பத்து வயதுப் பெண்ணான எனக்கு அது என்னவென்று தெரியாது. அடுக்களையில் அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழும். "அக்கா, ஆட்டோல போயிட்டு வந்துடலாம், அவருக்குத் தெரியவே வேணாம்" என்பார் அம்மா. "தெரிஞ்சா சாப்பிட மாட்டார்மா" என்பார் பெரியம்மா. பெரியப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான்: வண்டி ரெடியாகட்டும். கொடுமைக்காரர் இல்லை அவர். வண்டி ரெடியாகிவிடும் என்று மனதார நம்பினார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அடுத்து வந்த கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு மத்தியானம் டிவியில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். நொடித்துக்கொண்டிருக்கும் ஒரு ஜமீன் மாளிகையின் கதை. தூணெல்லாம் காரை பெயர்ந்திருக்கும். ஆனால் வீட்டுப் பெரியவருக்கு விசிற மட்டும் இரண்டு ஆள் இருப்பார்கள். பெரியப்பா அதைச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி பார்த்தார். இந்தச் சரவிளக்கு நம்ம ஊர் வீட்டிலும் இருந்தது, இந்தச் சாய்வு நாற்காலி இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குதிரைப் பந்தய சகவாசத்தில் அவருக்கு உருது நன்றாக வரும்; வசனம் எல்லாம் புரியும். மாளிகை முழுகுவதுதான் கதை என்பது மட்டும் ஏனோ புரியவில்லை.

பெரியம்மாவுக்கு இந்தி தெரியாது. பள்ளியில் மூன்றாம் மொழியாக இந்தி படிக்கிறவள் என்ற பெருமையில் நான்தான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் மாம்பழம் இனிப்பானது, பசு பயனுள்ள மிருகம் என்கிற அளவுதான். தெரியாததையெல்லாம் அடித்துவிட்டேன்.

ஒரு காட்சியில், கணவன் கண்ணாடி முன் நின்று கைக்குட்டையில் அத்தர் தடவிக்கொண்டிருக்கிறான். முக்காடு போட்ட மனைவி பின்னால் நின்று ஏதோ நீளமாகக் கேட்கிறாள்.

"என்ன கேக்கறா?" என்றார் பெரியம்மா.

எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வீட்டில் தினம் கேட்டுப் பழகியது வாயில் வந்துவிட்டது. "உடம்பு சரியில்லையாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கறாங்க."

"அவன் என்ன சொல்றான்?"

"வண்டி ரெடியாகட்டும்ங்கறான்."

பெரியம்மா, "அப்புறம் கூட்டிட்டுப் போனானா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். பெரியப்பாவுக்குத்தான் இந்தி தெரியுமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் அவள் உண்மையில் கேட்டது தங்கை கல்யாணத்துக்குப் போக அனுமதி. வளர்ந்தபின் படத்தைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்த நாற்காலியையும் காட்டவில்லை.

மறுநாள் காலை எங்கள் தொட்டியை நிரப்ப டேங்கர் வந்தது. பெரியப்பா கோட்டோடு கேட்டில் நின்று, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போக வேண்டும் என்று டிரைவருக்கு உத்தரவு போட்டார். வேண்டுகோள் எல்லாம் அவருக்கு வராது. அம்மா ஆபீசை மறந்து ஓடிவந்து, வாசலுக்கு ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று கெஞ்சினார். பெரியப்பா கையிலிருந்த பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாடிப் பையன்கள் இறங்கி வந்து சக்கரங்களுக்குக் காற்றடித்தார்கள். டிரைவர் கயிற்றைக் கட்டிவிட்டு, "நிதானக்கே ஹோக்தீனி சார்" என்றார் கன்னடத்தில், மெதுவாகவே போகிறேன் என்று. அவர் சிரிப்பை அடக்குவது எனக்கே தெரிந்தது.

பெரியப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பின்னால் திரைக்குள் பெரியம்மாவும் துணைக்கு நானும். அம்மா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தார். டேங்கர் ஒழுகி, எங்கள் முன்கண்ணாடியில் வழியெல்லாம் தண்ணீர் தெறித்தது. வைப்பர் வேலை செய்யவில்லை. மார்க்கெட் பக்கம் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்தான், யாரோ விசிலடித்தார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று போட்ட திரையால் ஊர் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. எனக்கு அழுகை முட்டியது. பெரியம்மா மட்டும் திரையை ஒரு விரலால் விலக்கி, பேக்கரி, சர்ச், செருப்புக் கடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த மரத்த எப்ப வெட்டினாங்க?" என்று ஒருமுறை கேட்டார். நல்லவேளை பொய் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா சீட்டு எழுதப் போனார். எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். பெரியம்மா என் கையை விடாததால் என்னையும் விட்டார்கள். வயதான பெண் டாக்டர். மறைப்புக்குப் பின்னால் பெரியம்மாவைச் சோதித்துவிட்டு வந்து, கை கழுவி, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அதற்குப் பிறகு ஏழு மாதம்தான் இருந்தார். அந்த அறையில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றார் பெரியம்மா.

"ஆறு மாசமா ஏன் வரல?"

பெரியப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கார் ரிப்பேர்ல இருந்தது டாக்டர்" என்றார்.

டாக்டர் அவரையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பெரியப்பாவைப் பொய்க்காரர் என்று நினைக்கிறார் இந்தம்மா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் அதைவிடச் சரியான காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

"நிஜமாத்தான் டாக்டர்" என்றேன் சத்தமாக. "அதுல இன்ஜினே இல்ல. வேணும்னா வந்து பாருங்க, வெளியிலதான் நிக்குது."

பெரியப்பாவின் கை என் தோளில் விழுந்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் ஊன்றிக்கொண்டார். என்னை மெச்சித் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.