அண்ணையின் எஞ்சினில் உடைந்த தண்டு

என் அண்ணையின் படகு எஞ்சின் கடலில் உடைந்து நின்ற அன்று, அவரோடு தொழிலுக்குப் போயிருந்த என் கணவருக்கு வலக்கை முறிந்தது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பியதில் விழுந்துவிட்டார். வேறொரு படகுதான் இருவரையும் மயிலிட்டிக் கரைக்கு இழுத்துவந்தது.

அதன்பிறகு அண்ணை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அண்ணிதான் வந்து சொன்னா: "எஞ்சினிலை ஒயில் குறைஞ்சதைக் கவனிக்கேல்லையாம். எல்லாம் தன்ரை பிழையாம். சாப்பாடும் இல்லை, ஒருத்தரோடையும் கதையும் இல்லை."

நான் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். உடைந்தது பிஸ்டனைச் சுழலும் அச்சோடு இணைக்கும் தண்டு; அண்மையில்தான் புதிதாக மாற்றியது. அதை அண்ணியிடம் கேட்டு வாங்கினேன்.

இரும்புத் தூளை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, சூட்டோடு அடித்து இறுக்கிய தண்டு அது. முறையாகச் செய்தால் நல்ல உறுதி. சூளையிலிருந்து எடுத்து அடிப்பதற்குள் மேற்பரப்பு ஆறிவிட்டால், அங்கேயுள்ள நுண்துளைகள் சரியாக மூடா. ஓயாமல் இழுபட்டு அமுங்கும்போது, அப்படியொரு துளையிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

உடைந்த இடத்தை வெட்டி, மினுக்கி, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அண்ணையின் பிழையென்று தெரிந்தால் என்ன சொல்வேன்?

மறுநாள் அவரை வற்புறுத்தி ஆய்வுகூடத்துக்கு அழைத்துவந்தேன்.

"உதுக்குள்ளை பாருங்கோ அண்ணை. கறுப்புப் புள்ளியள் தெரியுதோ?"

"ஓம். கரையோரமா நிறைய."

"அடிக்கேக்கை மூடாமல் விட்ட துளையள். அதிலை ஒண்டிலையிருந்துதான் உடைஞ்சிருக்கு. ஒயில் இல்லாமல் ஓடியிருந்தால் தண்டின்ரை நுனியிலை இருக்கிற இந்த வளையம் கருகியிருக்கும். பாருங்கோ, எவ்வளவு சுத்தமா இருக்கு."

அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்காகச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. நான் பொய் சொன்னாலும் இரும்பு சொல்லாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் போனோம். என் கணவர் இடக்கையில் கரண்டியோடு சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்தார். அண்ணை கையைக் கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் அமர்ந்து, சோற்றைக் குழைத்தார்.

"வாயைத் திற மச்சான்."

"முள்ளுப் பாத்தனியோ?" என்றார் என் கணவர்.

அண்ணை மீன்துண்டை மறுபடி பிரித்து, முள்ளைத் தேடத் தொடங்கினார்.