அண்டாவில் மிஞ்சட்டும்

பிள்ளைகளே, நீங்கள் இலையில் சோற்றை மிச்சம் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வரும். பெயர் தெரியாது. தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்தில், ஒரு முதலாளியின் அன்னதானப் பந்தலில் சோறு பரிமாறினார். ஒல்லியான ஆள், தலையில் துண்டு. இலைக்கு ஒரு கரண்டிதான் வைப்பார். "சாப்பிடுங்கண்ணே, திரும்ப வருவேன்" என்பார். சொன்னபடியே வருவார்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "இலை நிறையப் போடுப்பா. கஞ்சன்னு என்னைத்தானே பேசுவாங்க?"

"பேசட்டும் முதலாளி. அண்டாவில மிஞ்சினா அடுத்த பந்திக்கு ஆகும். இலையில மிஞ்சினதை யாருக்குப் போடுவீங்க?"

"அடுத்த வருஷம் நீ இந்தப் பக்கம் வராதே."

"வரலை. இன்னிக்குக் கரண்டி என் கையிலதான் இருக்கு."

சொல்லிவிட்டு என் இலைக்குக் குனிந்து, அதே ஒரு கரண்டி வைத்தார்.

அத்தனை பேர் முன்னால் அவருக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறு வருஷம் அங்கே வேறு ஆள் பரிமாறினார். எல்லார் இலையிலும் சோறு குவிந்தது, பாதி குப்பைக்குப் போனது. என் இலையில் முதல் கரண்டி விழுந்ததும் கையைக் குறுக்கே வைத்தேன்.

"போடுறேன்லா, சாப்பிடுங்க" என்றார் அவர்.

அந்த வரிசையில் அப்படித் தடுத்தவன் நான் ஒருவன்தான். கையை எடுக்கவில்லை.