ஒரே ஒரு கோடு

பிள்ளைகளா, பழைய மானிட்டர் உழைக்குமா, புதுசு உழைக்குமா என்று நேற்று தட்டில் சோறு காய்வது தெரியாமல் சண்டை போட்டீர்களே, அதற்கு நான் எப்போதோ கையெழுத்துப் போட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். எட்டாவது வரை படித்தவனின் தீர்ப்பு. கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. அடையாறில் ஓர் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் அறைக்கு நான் தற்காலிக அட்டெண்டர். உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில். என் வேலை நிரந்தரமாக எங்கள் அதிகாரி ஒரு வரி எழுத வேண்டும்.

அறையில் இரண்டு திரைகள். பழையது நினைத்தபோது இருண்டுவிடும். பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு, பச்சை எழுத்து வந்துவிடும். புதியது அதிகாரியே சிபாரிசு செய்து வாங்கியது. அதைத் துடைப்பதற்கே எழுத்துமூலம் அனுமதி வேண்டும். தட்டுவதை யார் நினைப்பது?

எது நம்பகமானது என்று மேலிடம் கேட்டது. ஒரு மாதம் நோட்டுப் போட்டு, இருளும் தடவைக்கு ஒரு கோடு என்று குறிக்கச் சொன்னார் அதிகாரி. எனக்கு ஒரே பெருமை. பழையதற்கு முப்பத்தொரு கோடு விழுந்தது. புதியது பன்னிரண்டாம் தேதி காலை இருண்டது. பம்பாயிலிருந்து ஆள் வரவேண்டுமாம். முப்பதாம் தேதி வரை வரவில்லை. நான் மட்டும் தினமும் காலையில் அதன் உறையைக் கழற்றி, மாலையில் மரியாதையாகப் போர்த்தினேன்.

சைதாப்பேட்டையிலிருந்து வரும் எலெக்ட்ரீசியன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இன்னா நைனா, அது ஒரு அறை வாங்கினா வேலைக்கு வந்துடுது. இது லீவு போட்டுக்கினு ஜம்முனு கீது. ஆபீசருக்கு இதான் தோஸ்து."

நோட்டைப் பார்த்த அதிகாரியின் முகம் மலர்ந்தது. எனக்குப் புரியவில்லை. புதியது பத்தொன்பது நாள் இருட்டு என்று நினைவுபடுத்தினேன்.

"எத்தனை தடவை இருண்டுது?"

"ஒரு தடவை சார். ஆனா திரும்பி வரவே இல்லையே."

"அது முப்பத்தொண்ணு, இது ஒண்ணு. நீ போட்ட கோடுதானே? கையெழுத்துப் போடு. உன் பேப்பரும் இதுக்கு அடியிலேதான் இருக்கு."

போட்டேன். அவரும் என் பேப்பரில் போட்டார். நம்பகமற்றது என்று பழையதை அன்றே ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போனார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நோட்டைத் திறந்தேன். புதியதற்கு எதிரே இருந்த அந்த ஒற்றைக் கோட்டை, ஸ்கேல் வைத்து, பக்கத்தின் ஓரம் வரை இழுத்தேன். பென்சிலால்தான்.