விட்டம் பார்த்தவர்

வான் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் நட்சத்திரப் பட்டியல் சரிபார்த்த மனிதருக்கு அங்கே மிஞ்சிய பெயர் 'விட்டம்'. வைத்தவர் இயக்குநர். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான் என்று பட்டியல்காரரின் மனைவி நினைத்துக்கொள்வாள். அவள் தையல்காரி. எதையும் அளக்காமல் சொல்ல மாட்டாள்.

தென்வானில் ஒரு நட்சத்திரம். பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். ஆனால் வகையில் அது ராட்சத நட்சத்திரம். நடுவில் எரிய வேண்டிய ஹைட்ரஜன் தீர்ந்துபோனதாலேயே மேலுக்கு ஊதிப் பெருத்தது. ஊதியதில் மேற்பரப்பு ஆறிவிட்டது. சூரியனுக்கு ஐயாயிரத்து எண்ணூறு கெல்வின் சூடு என்றால் இதற்கு நாலாயிரத்து ஐந்நூறுதான். எடையிலும் சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஒளி நாற்பத்தைந்து மடங்கு. இருந்தும் முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் கிடப்பதால் மங்கல்.

"உள்ளே காலியானாத்தான் வெளியே இப்படி ஊதும்" என்று கணவர் விளக்கியபோது அவளுக்கு இயக்குநரின் தொப்பைதான் ஞாபகம் வந்தது.

அந்த இயக்குநர், நட்சத்திரத்தின் ஆரம் சூரியனுடைய ஆரத்தைப் போல இருபத்திரண்டு மடங்கு என்று கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கியவர். பழைய அளவீட்டில் இருந்த இருபத்திரண்டு ஆரமே அல்ல, சூரியனின் ஆரத்தை அளவுகோலாக வைத்து அளந்த விட்டம். ஆரம் அதில் பாதி, பதினொன்று. இருபத்திரண்டு என்றே வைத்துக்கொண்டால், அந்தச் சூட்டுக்கு ஒளி நூற்றெண்பது மடங்கு வந்திருக்க வேண்டும். பட்டியல்காரர் பிழையைப் பிடித்தது அப்படித்தான்.

"மடிச்ச துணி மேல பாதி அளவுதானே வெப்போம்? முழு அளவு வெச்சு வெட்டினா சட்டைக்குள்ள ரெண்டு ஆள் போகலாம். இது தெரியாமலா அந்த ஆளு அத்தன படிச்சாரு?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் பட்டியல்காரர் திருத்தச் சீட்டை நீட்டினார். இயக்குநர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"விட்டத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா இப்படித்தான்யா தோணும்."

அறை முழுக்கச் சிரிப்பு.

"பாக்க வேண்டியதே விட்டத்தத்தான் சார். நீங்கதான் பாக்கல" என்றார் இவர்.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் சிரித்தால்தானே அவர்கள் சிரிப்பார்கள்.

அதையும் சேர்த்து நாலு வருஷத்தில் பதினோரு சீட்டு கொடுத்தார். இயக்குநருக்கோ பிடித்த முயலுக்கு மூன்றே கால். பன்னிரண்டாவது சீட்டு சட்டைப் பையில் இருக்கும்போதே, ஒரு மதியம், மேசையில் தலை சாய்ந்தவர் நிமிரவில்லை. அந்தச் சட்டையை அவள் இன்னும் துவைக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் உருகி வழிந்தார். உயிரோடு இருந்தபோது நாற்காலிகூடக் காட்டாதவர், "என் வலது கை போயிடுச்சு" என்றார். பட்டியலின் புதிய பதிப்பு நாளை அச்சுக்குப் போகிறதாம், மறைந்தவருக்கு மரியாதையாக முதல் பக்கத்தை அவளிடம் காட்டினார். அதே நட்சத்திரம். ஆரம் இருபத்திரண்டு. கீழே 'சரிபார்த்தவர்' என்று கணவரின் பெயர்.

ஊதிய பொய்க்குக் கீழே அவர் பெயர் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. அவளுக்குக் கண் கலங்கவில்லை, காது சுட்டது.

"சார், இது பதினொண்ணு."

"அம்மா, நீங்க துக்கத்துல இருக்கீங்க..."

"துக்கத்துலதான் இருக்கேன். அதுக்காகப் பாதி எது முழுசு எதுன்னு மறந்துடுமா? ஒளி நாப்பத்தஞ்சுன்னு நீங்களே பக்கத்துல போட்டிருக்கீங்க. பெருக்கிப் பாருங்க."

முன்வரிசையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் பேனாவை எடுத்துப் பெருக்கவே ஆரம்பித்துவிட்டார். இயக்குநர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடைசி நேரத்துல எண்ண மாத்த முடியாதும்மா. என் கட்டுரையே அதுலதான் நிக்குது."

"அப்போ எண்ணு இருக்கட்டும். இவர் பேர எடுத்துடுங்க."

இயக்குநர் முகத்தில் வந்த நிம்மதியை அவள் இன்ச் டேப் வைத்து அளந்திருக்கலாம். ஒரு மனிதரை அழிப்பது அவருக்கு ஓர் எண்ணை அழிப்பதைவிட அவ்வளவு சுலபம். "தாராளமா!" என்று அங்கேயே பேனாவை எடுத்து, வலது கையின் பெயரை ஒரே கோட்டில் அடித்தார்.

"கோடு நேரா இருக்கு. அதாச்சும் உங்களுக்கு வருதே" என்றாள் அவள்.

பன்னிரண்டாவது சீட்டை அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். ஆரம் பதினொன்று, கீழே அவர் கையெழுத்து. பிறகு அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டாள்.