அத்தானின் ஒற்றைச் சிறுநீரகமும் சென்னை ரோபோவும்

2009 ஐப்பசியில் கழுகுமலையிலிருந்து சென்னைக்குப் போய்வந்தோம். கடற்கரை பார்க்க அல்ல, ஒரு ரோபோவைப் பார்க்க! என் அக்காவின் கணவருக்கு இடது சிறுநீரகத்தில் நான்கு சென்டிமீட்டர் கட்டி. வலது சிறுநீரகம் கல்லடைப்பில் எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது. கட்டியை மட்டும் எடுத்து, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். முடியாவிட்டால் அத்தானுக்கு ஆயுசு முழுக்க டயாலிசிஸ்.

மதுரை மருத்துவர், விலாவில் ஒரு சாண் கிழித்துச் செய்யும் திறந்த அறுவையைச் சொன்னார். எட்டுப் பத்து நாள் படுக்கை. சென்னையில் ரோபோ வந்திருப்பதாக நான் இணையத்தில் படித்திருந்தேன். ஐந்தாறு சின்னத் துளைகள், ரத்தச் சேதம் குறைவு, நாலாம் நாள் வீடு. செலவு ஒன்றரை லட்சம் கூடுதல். ஆனாலும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை!

அத்தானைத்தான் அசைக்க முடியவில்லை. அவர் கைத்தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.) மிஷின் தீப்பெட்டி வந்து வியாபாரத்தைக் கெடுத்ததிலிருந்து மிஷின் என்றாலே அவருக்கு ஆகாது.

“மிஷின் குச்சிய உரசுனா நாலுக்கு ஒண்ணு பத்தாது. அத என் வயித்துக்குள்ள விடச் சொல்லுதியா மாப்ளே?”

“சும்மா பாத்துட்டு வருவோம் அத்தான்.”

“வாரேன். ஆனா நான் வைக்கிற பரீச்சையில அது பாஸாகணும்.”

கழுகுமலை–கோவில்பட்டி 22 கி.மீ., பேருந்தில் முக்கால் மணி நேரம். மழை பெய்து கரிசல் இளகிக் கிடந்ததால் ஆளுக்கு அரைக்கிலோ மண்ணைச் செருப்பில் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறினோம். எழும்பூருக்குக் கிட்டத்தட்ட 590 கி.மீ., பதினோரு மணி நேரம். ஆட்டோ எண்பது ரூபாய். எதற்கு வந்தோம் என்று கேட்ட ஓட்டுநர், “ரோபோ ஆபரேசன் பண்ணா டாக்டரு இன்னா சார் பண்ணுவாரு?” என்றார். 

அதற்குப் பதில் ஆஸ்பத்திரியில் காலை பதினோரு மணிக்குக் கிடைத்தது. பயிற்சி அறையில், மேசைக்கு மேல் நான்கு இரும்புக் கைகள். பத்தடி தள்ளி ஒரு பெட்டிக்குள் முகம் புதைத்து மருத்துவர் உட்கார்ந்திருந்தார். அவர் விரலை அசைத்தால்தான் அவை அசைந்தன.

அத்தான் சட்டைப் பையிலிருந்து மருந்து முக்காத வெறுங்குச்சி பத்தையும் ஒரு காலித் தீப்பெட்டியையும் எடுத்தார். “ஐயா, இத இதுக்குள்ள அடைச்சுக் காட்டுங்க!”

எனக்கு மானம் போயிற்று. மருத்துவரோ சிரித்துக்கொண்டே அடைக்க ஆரம்பித்தார். மனித மணிக்கட்டு திரும்பாத பக்கமெல்லாம் அந்தக் கை திரும்பியது. பத்துக் குச்சியும் வரிசையாகப் பெட்டிக்குள் படுத்தன. ஒன்றுகூட முறியவில்லை.

“ஏலே மாப்ளே, இது மிஷின் வேல இல்லடே, கைவேல!” அத்தான் துள்ளிவிட்டார். “ஐயா, எனக்கு இதுலயே பண்ணிருங்க.”

மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “உங்களுக்கு இதில் செய்யமாட்டேன். கட்டி, ரத்தக் குழாயின் வேரிலேயே ஒட்டியிருக்கிறது. வெட்டித் தைக்கும்வரை ரத்தத்தை நிறுத்தி வைக்கணும். திறந்து செய்தால் சுற்றிலும் ஐஸ் வைத்துச் சிறுநீரகத்தைக் குளிர வைக்கலாம், நேரம் கிடைக்கும். ரோபோவில் அது சுலபமில்லை. இவ்வளவு சிக்கலான கட்டியை நான் இதில் அதிகம் எடுத்ததும் இல்லை. ஓரத்தில் சின்னக் கட்டி, இன்னொரு சிறுநீரகமும் நன்றாக இருந்தால் ரோபோதான் என்பேன். மதுரைக்காரர் சொன்னது சரி.”

எனக்கு அழுகையே வந்தது. அத்தான் குச்சி அடைத்த பெட்டியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினார்.

மறுவாரம் மதுரையில் அறுவை. மூன்றரை மணி நேரம். மறுநாள் காலை ஆறு மணிக்கு உள்ளே விட்டார்கள். கட்டில் ஓரம் தொங்கிய பையைக் காட்டி அத்தான் முனகினார்: “மாப்ளே, பையப் பாரு... ரொம்பிட்டு!” மூத்திரத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை!

இதே காரியமாகப் புறப்படுகிறவர்களுக்கு: ஸ்கேன் அறிக்கையோடு படத்தையும் கொண்டுபோங்கள், மழைக்குப் பாலித்தீன் சுற்றி. எந்த முறை என்று கேட்கும் முன், சிறுநீரகம் எவ்வளவு மிஞ்சும், இதுபோல் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மருத்துவரைப் பாருங்கள்.

அத்தான் இப்போது ஆபீஸ் போகிறார். பார்க்க வருகிறவர்களுக்குச் சட்டையைத் தூக்கி ஒரு சாண் தழும்பைக் காட்டுவார். பிறகு மேசையிலிருந்து அந்தப் பத்துக் குச்சிப் பெட்டியை எடுப்பார். “இதத் தொடாதீங்க. எனக்கு ரோபோ வேண்டாம்னு சொன்னாரே ஒரு டாக்டரு, அவரு அடைச்சது.”