மரியாஷ் சீவிய கடைசித் துண்டு

மரியாஷ் அக்கா எங்கள் அல்மாத்தி ஆஸ்பத்திரியின் திசு ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுகிறவள். அவள் நீட்டும் ஸ்லைடைப் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர் நான்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு பகையென்று எண்ணித் தாக்கினால், அதன் நுண்குழாய்களில் சி4டி என்ற புரதத் துணுக்கு ஒட்டிக் கிடக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை நாங்கள் வாங்குகிறோம். பிடித்த இடம் பழுப்பாகும். புட்டியின் மேல் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சடித்து விற்கிறவன் கைகழுவிவிடுகிறான். நோயாளியிடம் நான் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் நிச்சயம் பழுப்பாக வேண்டிய ஒரு திசுவையும் பக்கத்தில் வைத்தே சாயம் ஏற்றுவோம். அது பழுப்பானால்தான் மற்றதை நம்பலாம்.

அந்தத் திசு, மரியாஷின் புருஷன் ஒரால்பெக்கின் உடம்பிலிருந்து எடுத்தது. அவருடைய அண்ணன் செய்த்கான் கொடுத்த சிறுநீரகம். தம்பி உடம்பு ஏற்கவில்லை. அதை அகற்றிய பிறகு ஒரால்பெக் அதிக நாள் இருக்கவில்லை. மெழுகில் பதித்த துண்டு மட்டும் எங்களிடம் தங்கியது.

“வாங்க, அண்ணனும் தம்பியுமா வாங்க,” என்று மரியாஷ் அந்த மெழுகுக் கட்டியை, மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் மாட்டுவாள். “உசுரோட இருந்தப்போ பத்து தடவ எழுப்புனாத்தான் எந்திரிப்பாரு டாக்டர். இப்ப பாருங்க, மொத ஆளா வந்து நிக்கிறாரு.” எனக்குச் சிரிப்பு வராது.

சீவிச் சீவிக் கட்டி தேய்ந்தது. இந்தக் கோடையில் செய்த்கான் மரியாஷுக்கு ஃபோன் செய்தார். உடம்பிலிருந்து எடுத்தது மண்ணுக்குத்தான் போக வேண்டும், மிச்சத்தைத் தம்பியின் கல்லறையருகே புதைக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். அவளும் சரியென்றாள்.

வியாழக்கிழமை ஓர் இளம்பெண்ணின் பயாப்ஸி வந்தது. அப்பா கொடுத்த சிறுநீரகம் சுணங்கியிருந்தது. தாக்குதல் என்றால் எதிர்ப்பை அடக்கும் கடும் மருந்து கொடுக்க வேண்டும். தாக்குதல் இல்லாமல் கொடுத்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் தொற்று அவளை முடித்துவிடும். ஆன்டிபாடியோ புதுப் புட்டி, சுங்கத்தில் வெயிலில் கிடந்து வந்தது; கெட்டுப்போயிருந்தாலும் தெரியாது.

“சீவுனா மிஞ்சாது,” என்றாள் மரியாஷ்.

“வேற கட்டி இல்லையே அக்கா.”

“நான் வேற கேக்கலையே. மிஞ்சாதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.”

சீவினாள். பழைய திசு நல்ல பழுப்பாயிற்று. பெண்ணின் ஸ்லைடில் துளி நிறமில்லை. கடும் மருந்து வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் செய்த்கான் வெள்ளைத் துணியோடு வந்து நடையில் நின்றார்.

“மன்னிச்சிடுங்க மாமா. குடுக்க ஒண்ணுமில்ல. நேத்து முழுசும் எடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டு எடுத்த? அது என் உடம்பு! அவனுக்குத்தான் ஒதவல, மண்ணுக்காவது போகட்டும்னு வந்தேன்.”

“ஒரு சின்னப் பொண்ணு மாமா. அவ கிட்னிக்குத் தாக்குதல் இல்லன்னு நாங்க நம்பணும்னா உங்களோடது பக்கத்துல இருக்கணும். இருந்துச்சு. தப்பான மருந்து குடுக்காம நிறுத்திட்டோம்.”

அவர் துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

“இத்தன வருஷமும் இதுதான் நடந்துச்சா?”

“இதுதான் மாமா. எத்தனையோ பேருக்கு.”

“யாராவது எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? குடுத்தது வீணாப்போச்சு, என்னாலதான் தம்பி போயிட்டான்னு தூக்கம் வராமக் கெடந்தேனே!”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் நடையிலேயே இரு கைகளையும் விரித்துத் தம்பிக்காகத் துவா ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார். புருஷனை அடக்கம் செய்த அன்று ஊர் கேட்க ஒப்பாரி பாடியவள் மரியாஷ். இப்போது பாட்டு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுமனே அழுதாள்.