இரும்புக்குத்தான் அடி அதிகம்

அக்காவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பஸ் டிப்போவில் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். போகட்டும், அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவள் ஆராய்வது வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களை. வெடிப்பின் அதிர்ச்சி அலை பல நூறு வருடம் ஓடிக்கொண்டே, வழியிலுள்ள வாயுவை மோதிச் சூடாக்குமாம். அங்கிருந்து வரும் எக்ஸ்ரே ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கோடு விழும். கோடு அகலமாக இருந்தால் அந்தத் தனிமம் அலையிடம் நன்றாக அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அவள் பல வருடம் காத்திருந்த விண்வெளித் தொலைநோக்கி மேலே போனது. போன இடத்தில் கருவியின் மூடி திறக்கவில்லை. மூடியைத் துளைத்து வரும் வலுவான கதிர்கள் மட்டுமே தெரிந்தன. அக்கா நம்பியிருந்ததோ, மூடியைத் தாண்ட வலுவில்லாத சிலிக்கானின் கதிரை. தொலைநோக்கியில் அவளுக்கு ஒதுக்கிய நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சிரிக்கவைக்க, காலையில் நான் ஓட்டிய பஸ்ஸுக்குக் குறுக்கே நாய் வந்து பிரேக் அடித்த கதையைச் சொன்னேன். அக்கா புருஷனும் அந்த பஸ்ஸில்தான் இருந்தார். ஆள் நல்ல கனம்.

"எல்லாரும் லேசா இடிச்சுக்கிட்டாங்க. மாமா வந்து இடிச்சதுல கம்பியே வளைஞ்சுபோச்சு."

"அது ஏற்கெனவே வளைஞ்ச கம்பி, மச்சான்," என்றார் மாமா.

அக்கா நிமிர்ந்தாள். "வேகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கனமானதுக்குத்தான் அடி அதிகம். சிலிக்கானைவிட இரும்பு கனம். இரும்போட கதிர் மூடியத் தாண்டி வரும்டா! மங்கலா இருக்கும்னு நானே ஒதுக்கிட்டேன்."

மறுநாள் அவள் இரும்பைப் பார்க்கிறேன் என்றதும், தொலைநோக்கிக் குழுத் தலைவர் ஒரேயடியாக மறுத்தார். "அவ்வளவு மங்கல்ல கோடே தெரியாதும்மா."

"தெரியலன்னா இனிமே எனக்கு நேரமே தராதீங்க," என்றாள் அக்கா. பிடித்த பிடியை விடுகிற ஜாதியில்லை அவள்; நேரத்தை வாங்கிவிட்டாள்.

முடிவை அறிவித்த அன்று நான் டிரைவர் சட்டையோடே அரங்கத்துக்கு ஓடினேன். திரையில் இரும்பின் கோடு மேடு தட்டி, அகலமாக நின்றது. முதலில் எழுந்து கைதட்டியவர் அதே தலைவர்தான்.

"எந்தத் தைரியத்துல இரும்பை எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கடைசி வரிசையில ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் பிரேக் அடிச்சான், இன்னொருத்தர் இடிச்சுக்கிட்டார்."

அரங்கமே திரும்பியது. மாமா எழுந்து கையசைத்தார். பக்கத்து இருக்கை அம்மா என்னிடம் கேட்டார், "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா," என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல. மேடையிலிருந்து அவளே, "என்னடா?" என்றாள்.